சிக்னலில் ஐந்து வருடம்: ஏழு பேரும் ஒரு பூட்டும்

2021 ஜனவரி முதல் வாரத்தில் வாட்ஸப்பைத் திறந்தால் ஒரு அறிவிப்பு வந்து நின்றது. புதிய தனியுரிமைக் கொள்கைக்கு பிப்ரவரி 8-க்குள் சம்மதம் சொல்ல வேண்டுமாம். அன்று எங்கள் அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. "நாம பேசறதையெல்லாம் படிப்பாங்களாம்" என்று ஒருவர், "ஐரோப்பாக்காரனுக்கு மட்டும் வேற கொள்கையாமே" என்று இன்னொருவர். ஜனவரி 7-ஆம் தேதி ஈலான் மஸ்க், வாட்ஸப் போலவே செய்தி அனுப்பும் இன்னொரு ஆப்பான சிக்னலைப் பயன்படுத்துங்கள் என்று ஒற்றை வரியில் ட்வீட் போட்டார். அந்த வாரக் கடைசியில் நானும் இறக்கிக்கொண்டேன்.

அடுத்த ஏழெட்டு நாள் போன் ஓயவே இல்லை. இன்னார் சிக்னலில் சேர்ந்துவிட்டார், இன்னார் சேர்ந்துவிட்டார். பழைய வீட்டு ஓனர், எப்போதோ கட்டில் செய்து கொடுத்த ஆசாரி, கல்லூரியோடு பேச்சு நின்றுபோன ஒருத்தர். கல்யாண மண்டப வாசலில் நின்று யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது போல இருந்தது. கூட்டம் தாங்காமல் ஜனவரி 15-ஆம் தேதி சிக்னலே ஒரு நாள் படுத்தும் விட்டது.

அப்புறம் வாட்ஸப் கெடுவை மே 15-க்குத் தள்ளி வைத்தது. அதற்குள் எல்லோருக்கும் கோபம் ஆறிப்போனது. பந்தி முடிந்த மண்டபம் மாதிரி சிக்னல் காலியானது. இன்று அதில் நான் நிஜமாகவே பேசுவது ஏழு பேரிடம்: மனைவி, அம்மா, கோவையில் இருக்கும் அக்கா, கல்லூரி நண்பர்கள் மூன்று பேர், எங்கள் வக்கீல். வக்கீல் மட்டும்தான் நான் சொல்லாமலே வந்தவர்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் இடம் மாறிய காரணமே தப்பு. வாட்ஸப்காரர்கள் நம் செய்தியைப் படிப்பார்கள் என்று நினைத்துத்தான் ஓடினேன். ஆனால் 2016 ஏப்ரலிலேயே வாட்ஸப் முழுக்க எண்ட்-டு-எண்ட் பூட்டுப் போட்டாகிவிட்டது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூட்டைச் செய்ததே சிக்னல்காரர்கள்தான். இரண்டு வீட்டுக் கதவிலும் ஒரே கம்பெனிப் பூட்டு.

வித்தியாசம் வாசலில் இருக்கிறது. உள்ளே என்ன பேசினோம் என்பது தெரியாவிட்டாலும், யார் யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்து போனார்கள் என்று எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும் அல்லவா? அதுதான் மெட்டாடேட்டா. என் போனில் யார் நம்பரெல்லாம் இருக்கிறது, எந்தெந்தக் குழுவில் இருக்கிறேன், எப்போது ஆன்லைனில் வருகிறேன் என்ற இந்த வகைத் தகவல்கள் விளம்பரத்தில் பிழைக்கும் ஒரு நிறுவனத்துக்குத் தங்கம். சிக்னலிடம் இது எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நீதிமன்றச் சான்றே உண்டு. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு விசாரணைக்காகப் பயனர் தகவல் கேட்டு உத்தரவு வந்தபோது, அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விஷயம்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறு எதையும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கவில்லை.

நாம் பேசுவதை போன் மைக் ஒட்டுக்கேட்டு விளம்பரம் போடுகிறது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. அவ்வளவு சிரமப்படவே தேவையில்லை, திண்ணையில் உட்கார்ந்தாலே போதும்.

அன்றாடப் பயன்பாட்டைச் சொல்கிறேன். குரல் அழைப்பும் வீடியோவும் நன்றாகவே இருக்கின்றன, அக்காவோடு வாரா வாரம் ஒரு மணி நேரம் பேசுகிறேன். எனக்குப் பிடித்தது, மறையும் செய்தி: டைமர் வைத்தால், குறித்த காலம் ஆனதும் செய்தி தானாக அழிந்துவிடும். எல்லா உரையாடலுக்கும் நான்கு வாரம் என்று வைத்துவிட்டேன். "பால் வாங்கிட்டியா?" என்ற கேள்வியைப் பத்து வருடம் பாதுகாத்து என்ன ஆகப்போகிறது?

சிக்னலின் பின் (PIN) நம்பரைத்தான் அம்மாவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மறந்துவிடக் கூடாது என்று ஆப்பே அவ்வப்போது கேட்கும். "இது என்னடா, ரேஷன் கடை மாதிரி ஒவ்வொரு தடவையும் என்னை யாருன்னு கேட்குது?" என்றார். முதலில் அடிக்கடி கேட்டு, சரியாகப் போடப் போட இடைவெளி விட்டுக் கேட்கும் என்று விளக்கினேன். அவர் போன் கவரின் உள்பக்கம் பின் நம்பரை எழுதி ஒட்டிக்கொண்டார். பூட்டுக்குப் பக்கத்திலேயே சாவி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. ஆண்ட்ராய்டில் சிக்னலின் பேக்கப் நம் போனுக்குள்ளேயே சேரும், அதைத் திறக்க 30 இலக்க எண் ஒன்று தரும். அந்த எண்ணைக் கேஸ் சிலிண்டர் ரசீதின் பின்னால் எழுதி வைத்தேன். 2022 போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது ரசீதுக் கட்டு மொத்தமும் பழைய பேப்பர்காரரிடம் போனது. அடுத்த மாதமே போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. மெமரி கார்டில் பேக்கப் பத்திரமாக இருந்தது, திறக்கத்தான் எண் இல்லை. டைமர் வைப்பதற்கு முன்பு அம்மா குரலில் அனுப்பியிருந்த புளிக்காய்ச்சல் பக்குவம் அதில் இருந்தது. மறுபடி கேட்டேன், அனுப்பினார். இந்த முறை வெந்தயம் ஒரு ஸ்பூன் கூடியிருந்தது.

2025 செப்டம்பரில் சர்வரிலேயே பூட்டி வைக்கும் பேக்கப் வசதியை அறிவித்தார்கள். அதற்கான மீட்புச் சாவி 64 எழுத்து. ரசீதில் எழுதவில்லை, பீரோவில் நகைப் பெட்டிக்குள் இருக்கிறது.

இன்னொன்று, 2024-இல் வந்த யூசர்நேம் வசதி. நம்பரைக் காட்டாமலே பேசலாம், ஆனால் கணக்கு தொடங்க நம்பர் வேண்டும். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. நம்மூரில் நம்பர் ஒரு முறை கைமாறினால் முடிந்தது. தீபாவளிக்கு ஒரு துணிக்கடையில் பில் போடும்போது நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். பொங்கலுக்குள் வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டு நாளுக்கு நாலு அழைப்பு.

சரி, வாட்ஸப்பை அழித்துவிட்டேனா? இல்லை. இரண்டு முறை முயன்றேன். முதல் முறை பதினொரு நாள் தாங்கியது. எங்கள் அபார்ட்மெண்டில் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்பது வாட்ஸப் குழுவில்தான் வரும். பையனின் பள்ளி அறிவிப்பும் அங்கேதான். சென்னை மெட்ரோ டிக்கெட்கூட 2023 மே முதல் வாட்ஸப்பில் எடுக்கலாம், கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடியோடு. ஊரே ஒரு தெருவில் கடை போட்டிருக்கும்போது, அந்தத் தெருப் பக்கமே போகமாட்டேன் என்றால் எப்படி?

இதைத்தான் இந்தியப் போட்டி ஆணையமும் கண்டித்தது. ஏற்றுக்கொள், இல்லையென்றால் வெளியே போ என்று அந்த 2021 கொள்கையைத் திணித்தது தப்பு என்று 2024 நவம்பரில் வாட்ஸப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. விளம்பரத்துக்காக மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு வாட்ஸப் தகவல் பகிர ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. மேல்முறையீட்டில் அபராதம் நின்றது, தடை போனது. கூட்டிக் கழித்தால் யாருக்கு லாபம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் கடைசியில் ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' ஆப்புக்கு எல்லோரும் ஓடியபோது எனக்கு மறுபடி அந்த மண்டப வாசல் ஞாபகம்தான். நம்மூர் ஆப் என்ற ஆசையில் நானும் சேர்ந்தேன். ஆனால் அப்போது அழைப்புகளுக்குத்தான் எண்ட்-டு-எண்ட் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. வக்கீலை அங்கே கூப்பிடவில்லை.

ஆனாலும், ஐந்து வருடத்தில் என் தகவல் நிஜமாகவே சிந்திய இடம் இந்த ஆப் எதுவும் இல்லை, எங்கள் தெரு ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல் எடுக்கப் போனால் "வாட்ஸப்ல போடுங்க சார்" என்று சுவரில் ஒட்டிய நம்பரைக் காட்டுவார்கள். கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸப் வெப் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். ஒரு நாள் என் கோப்பைத் தேட டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தார். ஆதார், பான், பத்திரம், ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட், யாருடைய ஜாதகமோ என்று உருட்ட உருட்ட முடியவில்லை. பின்னால் வரிசையில் நின்ற நான்கு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கம்பெனிப் பூட்டு போட்டு அனுப்பி என்ன பயன்? அன்றிலிருந்து பென் டிரைவில்தான் கொண்டுபோகிறேன். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் போதுமென்றால் அதையே கொடுக்கிறேன்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. வாட்ஸப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் வெளியே வந்து, 2018-இல் 5 கோடி டாலர் போட்டுத்தான் சிக்னல் அறக்கட்டளை உருவானது. விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. கணக்கு தொடங்கும்போது வரும் ஓடிபி குறுஞ்செய்திகளுக்கு மட்டும் வருடத்துக்கு 60 லட்சம் டாலர் ஆகிறது என்று 2023-இல் கணக்குக் காட்டினார்கள். நான் இரண்டு முறை சிறு தொகை அனுப்பியிருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் எதற்கும் காசு கொடுக்க நமக்கு மனசு வராது, எனக்கும் மூன்று வருடம் ஆனது.

யாருக்குச் சொல்வேன்? வீட்டில் இரண்டு மூன்று பேராவது கூட வருவார்கள் என்றால் இன்றே போட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் சும்மா ஒரு ஐகான், அவ்வளவுதான். வக்கீல், டாக்டர், ஆடிட்டர் இவர்களோடு பேசுவதையாவது இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

போன மாதம் ஒரு காலையில் சிக்னலில் டிங் என்றது. அம்மா. பனித்துளியோடு ஒரு ரோஜாப் படம், கீழே "இனிய காலை வணக்கம்". வாட்ஸப்பிலிருந்து சிக்னலுக்கு அனுப்ப அவரே கண்டுபிடித்திருக்கிறார். கூப்பிட்டு, எப்படிம்மா செய்தீர்கள் என்று கேட்டேன். "அதை விடு. நான் அனுப்பினது கொஞ்ச நாள்ல காணாமப் போயிடுதாமே, உங்க அக்கா சொன்னா. நான் என்ன தப்பா அனுப்பிட்டேன்?" என்றார். அம்மாவுக்கு மட்டும் டைமரை எடுத்துவிட்டேன். இப்போது தினமும் ரோஜா வருகிறது.