திருப்பிப் போட்ட 'கே'யும் ஒரு ஃப்ரேம் கடையும்: நாலு நட்சத்திரம்

2012 ஆகஸ்ட் 15, புதன்கிழமை மதியம். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு சியாட்டில் சேஃப்கோ ஃபீல்டு மைதானத்தில் பேஸ்பால் பார்க்க உட்கார்ந்திருந்தேன். எங்கள் சியாட்டில் மரைனர்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஃபீலிக்ஸ் எர்னாண்டஸ், டாம்பா பே அணியினர் மட்டை பிடிக்க வந்த 27 முறையும் அவர்களை வரிசையாக வெளியேற்றினார். ஒருவரும் முதல் பேஸைத் தொடவில்லை. 12 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவது), 1-0 வெற்றி. இப்படி எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் முடிப்பதுதான் பெர்ஃபெக்ட் கேம்; மரைனர்ஸ் பிட்சர் ஒருவர் அதை வீசியது அதுவே முதல்முறை. (அதே வருடம் ஏப்ரலில், அதே மைதானத்தில், எங்கள் அணிக்கு எதிராகவே ஃபிலிப் ஹம்பர் ஒன்று வீசியிருந்தார். அந்த எரிச்சலும் அன்றோடு தீர்ந்தது.)

அன்று நான் பென்சிலில் எழுதிய ஸ்கோர் அட்டையையும் டிக்கெட்டையும் இப்போதுதான் ஃப்ரேம் போடக் கொடுத்தேன். வீட்டருகே உள்ள சின்னக் கடை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அமிலமில்லாத அட்டை, பசையே படாமல் நாலு மூலையிலும் காகித மடிப்பு. வேலை சுத்தம்.

ஆனால் முதல் தடவை ஓரப் பட்டையை அகலமாக வெட்டி, ஒன்பதாவது, அதாவது கடைசி, இன்னிங்ஸ் கட்டத்தையே மறைத்துவிட்டார்கள். அங்கேதானே உயிரே இருக்கிறது! கடைசி ஆட்டக்காரர் ஷான் ராட்ரிகஸ் மட்டையை வீசாமலே அவுட். ஸ்கோர் அட்டையில் ஸ்ட்ரைக்அவுட்டுக்கு 'கே' (K) என்று குறிப்போம்; மட்டையை வீசாமலே அவுட் என்றால் அதைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போடுவோம். அதனால் அங்கே 'கே'யைத் திருப்பி எழுதியிருப்பேன். கை நடுங்கியதில் அது கொக்கி மாதிரி இருக்கும். கடைக்காரர் எழுத்துப்பிழை என்று நினைத்தாராம். சரி, விளக்கினேன், காசு வாங்காமல் புதிதாக வெட்டித் தந்தார்.

மூன்று வாரம் இழுத்ததற்கு ஒரு நட்சத்திரம் குறைவு.