பெர்ட் ஜான்ஷ், 1965: திரும்பக் கேட்பவர்களுக்கு

ஸ்காட்லாந்து நாட்டுப்புற இசைக் கிடார் கலைஞர் பெர்ட் ஜான்ஷின் முதல் இசைத்தட்டுக்கு அவர் பெயரேதான் தலைப்பு. 1965-இல் டிரான்ஸ்அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. லண்டன் கேம்டனில் ஒலிப்பதிவாளர் பில் லீடரின் வீட்டில், ஸ்டுடியோ வாசனையே இல்லாமல் டேப் மெஷினில் பதிவானது. ஜான்ஷிடம் அப்போது சொந்த கிடார்கூட இல்லை. இரவல் கிடாரில் வாசித்தார். அந்தப் பதிவு 100 பவுண்டுக்கு நிறுவனத்திடம் கைமாறியது.

சின்ன வயதில் கேட்டால் குரலும் சோகமும்தான் பிடிபடும். பல வருஷம் கழித்துக் கேட்கும்போது காது தானாக அவருடைய வலது கட்டைவிரலுக்குப் போகிறது. மேலே மெட்டு எவ்வளவு அலைந்தாலும் கீழே பேஸ், அதாவது தடித்த கம்பிகளின் தாழ்ந்த சுரம், தன் நடையை விடாது. அது தெளிவாகக் கேட்டால்தான் இந்தத் தட்டு முழுதாகக் கிடைக்கும். போன் ஸ்பீக்கரில் கிடைக்காது: கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது.

எல்.பி.யில் கேட்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'நீடில் ஆஃப் டெத்'. இரண்டாம் பக்கத்தின் கடைசி 'ஆன்ஜி'. தட்டின் இரண்டு உச்சங்களும் லேபிளை ஒட்டிய உள் பள்ளங்களில் இருக்கின்றன. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு 50 செ.மீ. போல ஓடும் பள்ளம், உள்ளே 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலி குறுகிய இடத்தில் நெருங்கிக் கிடப்பதால் 'ஸ' ஓசைகள் கரகரக்கும். தட்டு தேய்ந்துவிட்டதென்று முடிவு கட்டுமுன் ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜைப் பாருங்கள். ஊசியின் கோணத்தைச் சரிபார்க்கும் புரோட்ராக்டர் அட்டையின் இரண்டு புள்ளிகளிலும் அது கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். ஊசி அழுத்தத்தை, தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். அழுத்தம் குறைந்தால் ஊசி பள்ளத்தில் துள்ளும். தட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தத் துள்ளல்தான்.

பழைய பிரதி மோனோ. ஸ்டீரியோ ஊசியில் ஓட்டினால் ஆம்ப்ளிஃபயரின் மோனோ பட்டனை அழுத்திவிடுங்கள். மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு முழுக்கத் தூசியும் மோட்டார் இரைச்சலும். பட்டன் அந்தப் பாதியை அடித்துவிடும். வித்தியாசம் அப்போதே தெரியும். ஒரே ஒரு ஸ்பீக்கரில், மிதமான சத்தத்தில் கேட்பது இன்னும் நன்று.

கிடார் வாசிப்பவர்கள் 'ஆன்ஜி'யில்தான் போய் நிற்பார்கள். பிரிட்டிஷ் கிடார் கலைஞர் டேவி கிரஹாம் 1962-இல் வெளியிட்ட உருப்படி இது. ஏ மைனர், பேஸ் ஏ, ஜி, எஃப், இ என்று இறங்கிக்கொண்டே இருக்கும். எஃப்-ஐ இடது கட்டைவிரலைக் கழுத்தின் மேலாக வளைத்து ஆறாம் கம்பியில் பிடிக்க வேண்டும். அங்கேதான் பலருக்கும் நடை தடுக்கும். மெட்டை ஒதுக்கிவிட்டு மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 70 தட்டு வைத்து பேஸை மட்டும் வாசியுங்கள். பேசிக்கொண்டே வாசிக்க முடிகிற அளவுக்குப் பழகியதும் விரல்களைச் சேர்க்கலாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் வான்கார்ட் நிறுவனம் வெளியிட்ட 'லக்கி தர்ட்டீன்' இந்த ஆல்பம் அல்ல. முதல் இரண்டு தட்டுகளிலிருந்து பொறுக்கிய தொகுப்பு. நல்ல தொகுப்புதான். ஆனால் 15 உருப்படிகளும் அந்த வரிசையிலேயே வேண்டுமென்றால் 'ஸ்ட்ரோலிங் டவுன் தி ஹைவே'யில் தொடங்கும் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.