கிணற்றுக்கு மீனா, அபேட் மருந்தா?
அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு பழைய கிணறு. வீட்டு மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபென்சி கொசுவுக்கு இரண்டுமே தோதான இடம்.

கிணற்றுக்கு என் ஓட்டு கம்பூசியா மீனுக்குத்தான். 1928-இல் இந்தியாவுக்கு வந்த மீன். நான்கு விரற்கடை நீளம்கூட வராது, ஆனால் நாளுக்கு நூறு கொசுப்புழுவாவது தின்றுவிடும். முட்டையிடாமல் குட்டி போட்டுத் தானே பெருகும். ஒரு வாளி மொண்டு பாருங்கள்: அனோபிலஸ் புழு நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும், மற்ற கொசுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். மீன் விட்ட கிணற்றில் இரண்டையும் தேடத்தான் வேண்டும். ஒன்று, இதைக் குளத்திலோ நொய்யலிலோ விட்டுவிடக் கூடாது. நாட்டு மீன்களின் முட்டை, குஞ்சுகளையும் காலி செய்துவிடும்.

தொட்டிக்கு மீன் சரிப்படாது, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்துதான். ஊற்ற ஆள் வந்தால் "குடிக்கிற தண்ணிங்க, வேண்டாமுங்க" என்பார் அம்மா. பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மருந்து என்பதுதான் அளவு; அதற்குள் இருந்தால் பயமில்லை. தொல்லை என்னவென்றால், வாரா வாரம் ஊற்ற வேண்டும். நடுவில் விட்டால் புழு கொசுவாகிப் பறந்துவிடும். மூடி இறுக்கமாக இருந்தால் மருந்தே தேவைப்படாது, எங்கள் மூடியில்தான் விரிசல்.