டாம்பாவா, கனாவெரலா: இரண்டு மலிவுக் கப்பல்களும் அத்தையின் முழங்காலும்

ஃபுளோரிடாவில் ஐ-4 நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மேற்கே ஓட்டினால் டாம்பா துறைமுகம், கிழக்கே ஓட்டினால் போர்ட் கனாவெரல். இரண்டிலிருந்தும் நாலு ராத்திரி உல்லாசக் கப்பல் பயணம் மலிவாகக் கிடைக்கும். நவம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று என்று இரண்டிலும் போய்விட்டு வந்தோம். நான், என் கணவர், ஆறு மாதத்துக்கு எங்களோடு தங்க வந்திருந்த அத்தை. அத்தைக்கு 71 வயது. வலது முழங்கால் தகராறு.

கப்பல்களின் பெயரைப் போடப்போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன. தவிர, கப்பல்களை அடிக்கடி துறைமுகம் மாற்றிவிடுகிறார்கள். டாம்பாவில் ஏறியதைச் சின்னது என்றும் கனாவெரலில் ஏறியதைப் பெரியது என்றும் சொல்கிறேன்.

ஏன் டாம்பாவில் சின்னது? மலிவுக்காக இல்லை. பாலத்துக்காக. டாம்பா துறைமுகம் கடலோரத்தில் இல்லை, விரிகுடாவின் உள்ளே வெகுதூரத்தில் இருக்கிறது. வெளிக்கடலுக்குப் போக எந்தக் கப்பலும் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் அடியில் நுழைந்துதான் போயாக வேண்டும். பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சுமார் 180 அடி. இப்போது கட்டுகிற ராட்சசக் கப்பல்கள் தண்ணீருக்கு மேலே 200 அடியைத் தாண்டி நிற்கின்றன. அவை டாம்பா பக்கமே வர முடியாது. அதனால் வயதான, குள்ளமான கப்பல்கள்தான் இங்கே பிழைக்கின்றன. கனாவெரலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கரையை விட்டுக் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் திறந்த அட்லாண்டிக். பயணிகள் எண்ணிக்கையில் மயாமியோடு போட்டி போடுகிற துறைமுகம் அது. புதிது, பெரிது எல்லாம் அங்கேதான் நிற்கும். ஆகவே எந்தக் கப்பல் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பாதி வீண். துறைமுகத்தை முடிவு செய்தால் கப்பல் தானாக முடிவாகிவிடும்.

நான் இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முதலில் பார்த்தது விலையைத்தான். ஜன்னல் இல்லாத உள் அறைக்குச் சின்னது ஆளுக்கு 60 டாலர் குறைவு. மூன்று பேருக்கு 180. சரி, டாம்பா.

டாம்பாவின் பெரிய நன்மை, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. முனையத்துக்கு எதிரிலேயே கார் நிறுத்தும் கட்டடம். தெருவைக் கடந்தால் கப்பல். பக்கத்தில் மீன் காட்சியகம். நாங்கள் முந்தின நாள் மாலையே போய் ஈபோர் சிட்டியில் தங்கினோம். பழைய சுருட்டுத் தொழிற்சாலைகள் இருந்த பேட்டை. இப்போதும் தெருவில் சேவல்கள் யாரையும் சட்டை செய்யாமல் நடக்கின்றன. அங்கிருந்து துறைமுகப் பக்கம் டிராம் ஓடுகிறது, டிக்கெட் கிடையாது. காலையில் கணவர் மட்டும் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார். நானும் அத்தையும் ஆளுக்கொரு பெட்டியோடு டிராமில் போய் இறங்கினோம். வரிசையில் நின்றது முக்கால் மணி நேரம்கூட இருக்காது. இரண்டாயிரம் பேர்தானே.

கப்பலுக்கு வயது இருபதுக்கு மேல். தரைவிரிப்பில் தெரியும், லிஃப்ட்டின் பித்தளைத் தகட்டில் தெரியும். எங்கள் அறையில் ஏசி ஓட்டை வழியாக ஒரு சொட்டு. நிதானமாக, பத்து எண்ணுவதற்குள் ஒன்று. விழுந்த இடம் சரியாக என் தலையணை ஓரம். அறையைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் சொன்னேன். அவன் வந்து அண்ணாந்து பார்த்து, ஒரு துண்டை நாலாக மடித்துக் கீழே வைத்துவிட்டு, ஆளை அனுப்புகிறேன் என்றான். ஆள் வந்தது மூன்றாம் நாள். அதுவரை துண்டுதான் வேலை பார்த்தது. ஆனால் அறை விசாலம். பழைய கப்பல்களில் உள் அறையைத் தாராளமாகக் கட்டியிருக்கிறார்கள். புதியவற்றில் அந்த இடத்தையும் சுரண்டிவிட்டார்கள் என்பது கனாவெரலில் கதவைத் திறந்த நிமிஷமே தெரிந்தது. அங்கே அத்தையின் மூன்றாவது படுக்கையை விரித்தால் குளியலறைக்குப் பக்கவாட்டில்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில் டன் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பல் 70,000 டன், 1,70,000 டன் என்று போடுவது எடை இல்லை. உள்ளே அடைபட்டிருக்கும் இடத்தின் கொள்ளளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஒரு கணக்கு வரும். சின்னது 70,000, சுமார் 2,050 பேர்: 34. பெரியது 1,70,000, சுமார் 4,500 பேர்: 38க்குக் கொஞ்சம் குறைவு. ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய கப்பலில் கிடைக்கும் அந்தக் கூடுதலும் சறுக்குமரங்களுக்கும் கடைவீதிக்கும் போய்விடுகிறது. பெரிய கப்பல் என்றால் நெரிசல் இருக்காது என்று நினைத்துத்தான் நான் பிப்ரவரியில் ஏமாந்தேன்.

பாலத்துக்கு வருகிறேன். நாலு மணிக்குக் கிளம்பிய கப்பல் விரிகுடாவில் ஊர்ந்து போகிறது. வேகம் எடுக்க முடியாது, கால்வாய் ஒடுக்கம். ஆறு மணியை ஒட்டி பாலம். சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. மஞ்சள் வடங்களில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம். தூரத்தில் தாராளமாகத் தெரிந்த இடைவெளி கிட்டே போகப் போகச் சுருங்குகிறது. மேல்தளத்தில் இருந்த அத்தனை பேரும் புகைபோக்கியையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். இடிக்கப்போகிறது என்றே தோன்றும். அத்தை ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டார், பாலம் அவர் தலையில்தான் இடிக்கும் என்பதுபோல. தலைக்கு மேலே லாரி ஒன்று கடகடவென்று போனது. அவ்வளவுதான், பாலம் பின்னால் இருந்தது. யாரோ கைதட்டினார்கள்.

பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், தூண்களைச் சுற்றி டால்ஃபின்கள் காவல் இருக்கின்றன என்று சொன்னார். நான் அத்தைக்கு அப்படியே சொன்னேன்.

“எங்கேம்மா? ஒண்ணுகூடக் கண்ணுல படலையே?”

டால்ஃபின் என்பது தூணைக் காக்கத் தண்ணீரில் நிறுத்தியிருக்கும் பெரிய கான்கிரீட் வட்டங்களுக்குத் துறைமுகத்துக்காரர்கள் வைத்த பெயர். அவை வந்ததற்குக் காரணம் உண்டு. 1980 மே 9 அன்று, புயல்மழையில் கண் தெரியாமல் சம்மிட் வெஞ்சர் என்ற சரக்குக் கப்பல் பழைய பாலத்தின் தூணில் மோதி, பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது. மேலே போய்க்கொண்டிருந்த பஸ்ஸும் கார்களும் விரிகுடாவில் விழுந்து 35 பேர் இறந்தார்கள். இப்போதுள்ள பாலம் 1987இல் திறந்தது. இதை நான் அத்தையிடம் கப்பலை விட்டு இறங்கிய பிறகுதான் சொன்னேன்.

டாம்பாவுக்குக் கெட்ட பக்கமும் இதே விரிகுடாதான். குளிர்மாதங்களில் அதன்மேல் மூடுபனி இறங்கிவிடும். பனி கலையும்வரை கால்வாயை மூடிவிடுவார்கள். திரும்பி வருகிற கப்பல் வெளியே காத்துக்கிடக்கும். அதில் ஏற வேண்டியவர்கள் கரையில் காத்துக்கிடப்பார்கள். நாலு ராத்திரிப் பயணத்தில் அரை நாள் போனால் அது பெரிய நஷ்டம். பிப்ரவரிப் பயணத்துக்கு நாங்கள் கனாவெரலைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். பெரிய கப்பலையும் பார்த்துவிடலாமே என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது, மறைப்பானேன்.

கனாவெரலில் கார் நிறுத்தத்தில் நான் செய்தது கஞ்சத்தனம். துறைமுகத்தின் சொந்த நிறுத்துமிடத்தை விட்டு, மலிவாக இருக்கிறதே என்று வெளியே ஒரு தனியார் இடத்தைப் பதிவு செய்தேன். அவர்கள் வண்டி வந்து கூட்டிப்போக 50 நிமிஷம். வெயிலில், நாற்காலி இல்லாமல், முழங்கால்காரரோடு. மிச்சமானது 30 டாலர். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

அங்கே ராக்கெட் பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏவுதளங்கள் பக்கத்திலேயே இருப்பது உண்மை. 2022 ஜனவரி 30 அன்று ஒரு பயணிக் கப்பல் தடை செய்த பகுதிக்குள் நுழைந்ததால் ஸ்பேஸ்எக்ஸ் அன்றைய ஏவுதலையே மறுநாளைக்குத் தள்ளிவைத்தது. அவ்வளவு பக்கம். எங்கள் நாளில் ராக்கெட் இல்லை, பெலிக்கன்கள் இருந்தன.

பெரிய கப்பல் பளபளப்பு. எதுவும் சொட்டவில்லை. நாடக அரங்கு அருமை, படுக்கை அருமை. ஆனால் கப்பலின் நீளம் 330 மீட்டர். எங்கள் அறை முன்பக்கம், சாப்பாட்டுக்கூடம் பின்பக்கம். ஒவ்வொரு வேளையும் அத்தை ஒரு தெருவை நடந்து கடந்தார். லிஃப்ட்டு முன்னால் எப்போதும் கூட்டம். வருவது நிரம்பி வரும். இரண்டாம் நாள் ராத்திரி அவர் சாப்பிடவே வரவில்லை, அறைக்குக் கொண்டுவந்து கொடுத்தோம். சின்னதில் அவர் தனியாகவே எழுந்து போய்க் காப்பி வாங்கிக்கொண்டு, நடுக்கூடத்தில் பியானோ கேட்டுவிட்டு, வழி தவறாமல் திரும்பி வந்தார். பெரிய கப்பலை எடுப்பவர்கள் அறை எண்ணை அதிர்ஷ்டத்துக்கு விடாமல், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது நடுப்பகுதியில், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆட்டம்? சின்ன கப்பல்தான் ஆடும் என்பார்கள். எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. நவம்பரில் மெக்சிகோ வளைகுடா தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருந்தது. பிப்ரவரியில் வாடைக்காற்று. கல்ஃப் நீரோட்டம் வடக்கே ஓடுகிறது, காற்று எதிரே வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். பஹாமாஸுக்குப் போகும் வழியில் அதைக் கடந்தாக வேண்டும். முன்பக்க அறை என்பதால் தட் தட் என்று அடி விழுவது படுக்கையிலேயே கேட்டது.

போகிற ஊர்களும் துறைமுகத்தைப் பொறுத்ததே. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் நடுவில் வெளிநாடு எதையும் தொடாமல் அமெரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கே உல்லாசப் பயணம் நடத்த 1886ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இடம் கொடுக்காது. அதனால் டாம்பா கப்பல் மெக்சிகோவின் கோசுமெல் தீவைத் தொடுகிறது, கனாவெரல் கப்பல் பஹாமாஸின் தலைநகரான நசாவைத் தொடுகிறது. இரண்டிலும் கப்பல் துறைமேடையோடு ஒட்டியே நிற்கும், இறங்கி நடக்கலாம். டாம்பாவிலிருந்து ஐந்து ராத்திரி எடுத்தால் பல கப்பல்கள் கிராண்ட் கேமன் தீவுக்கும் போகும். அங்கே பெரிய கப்பலுக்குத் துறை இல்லை, நடுக்கடலில் சின்னப் படகில் இறங்க வேண்டும். முழங்காலை நினைத்து அதை விட்டோம்.

கோசுமெலில் தண்ணீர் கண்ணாடி. மேலும் சொல்ல ஒன்றுமில்லை, போய்ப் பாருங்கள். நசாவில் துறைமுகத்தை 2023இல் புதுப்பித்து ஒரே நேரத்தில் ஆறு கப்பல் நிற்க வசதி செய்திருக்கிறார்கள். ஆறிலிருந்தும் ஆட்கள் ஒரே தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடிமைகள் பாறையைக் குடைந்து வெட்டிய குவீன்ஸ் படிக்கட்டு 65 படி. அதற்குக் கீழேயிருந்து ஏறாமல், டாக்சியில் மேலே ஃபின்காசில் கோட்டைக்குப் போய் அங்கிருந்து எட்டிப் பார்த்தோம்.

தாள்கள் விஷயம். அமெரிக்கக் குடிமக்கள் இந்த மாதிரிச் சுற்றுப்பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் அரசு அடையாள அட்டையும் வைத்தே போய்விடலாம். எங்களைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு பாஸ்போர்ட்டும், திரும்பி நுழைய உயிரோடிருக்கும் விசா முத்திரையும் வேண்டும். எச்-1பி என்ற வேலை விசாவின் முத்திரை காலாவதியானவர்களுக்கு மெக்சிகோ, கனடாவுக்கு 30 நாளுக்குள் போய்வர ஒரு சலுகை உண்டு. பஹாமாஸுக்கு அது செல்லாது. மெக்சிகோ என்றாலும் கப்பல்காரர்கள் ஏற்றுவார்களா என்பது தனிக் கேள்வி. நாங்கள் கணவரின் முத்திரை புதுப்பித்த பிறகுதான் பதிவே செய்தோம்.

கடைசிக் கணக்கு. டிக்கெட் போக, தினமும் ஆளுக்கு 16 டாலர் சேவைக்கட்டணம். மூன்று பேர், நாலு நாள், 192. சின்னதில் கூடுதலாகச் செலவழித்தது காப்பிக்கும் ஒரு படத்துக்கும். பெரியதில் திரும்பிய பக்கமெல்லாம் கட்டணப் பலகை, அறைக் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. ஆரம்பத்தில் 180 என்று நினைத்த வித்தியாசம் இறங்கும்போது 400ஐத் தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடாக இருந்தால் நானே பெரியதைத்தான் சொல்வேன். அந்தச் சறுக்குமரங்களால் அவர்களுக்கு மட்டுமே பிரயோஜனம். எங்களுக்கு நவம்பர், டாம்பா.

அத்தை ஏப்ரலில் ஊர் திரும்பிவிட்டார். அடுத்த நவம்பருக்குப் பதிவு செய்தாயிற்று என்று போனில் சொன்னபோது ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தச் சொட்டுற ரூம் இல்லையேம்மா?” அறை எண்ணைப் பார்த்தேன். அதே தளம், அந்த அறையிலிருந்து நாலு கதவு தள்ளி.