பழைய லேப்டாப்புக்கு எம்எக்ஸ்-4 பேஸ்ட்: நெல்லை வெயிலுக்குத் தாங்குமா?

சூடாகித் திணறும் பழைய லேப்டாப்புக்குக் கூலிங் பேட் வாங்குவதைவிட ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 தெர்மல் பேஸ்ட், 4 கிராம் ட்யூப், நல்ல செலவு. ப்ராசஸருக்கும், அதன் சூட்டை ஃபேனுக்குக் கடத்தும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட் காய்ந்துவிட்டால், அடியிலிருந்து எவ்வளவு காற்றடித்தாலும் உள்சூடு ஃபேன் வரை வந்து சேராது. 2011-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்து மெஷின்களை வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் பேஸ்டுக்கு முன்னால் தூசி. வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து ஆனி ஆடிக் காற்றிலும் திசையன்விளைத் தேரி மண்ணிலும் புழங்கிய மெஷினில், ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளேயேதான் புரளும். ஃபேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையைக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

எதையும் தொடுமுன் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களில் எண் போட்டிருக்கும்: கழற்றும்போது இறங்கு வரிசை, மாட்டும்போது ஏறு வரிசை, கொஞ்சம் கொஞ்சமாக. பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, சிப்பின் நடுவில் ஓர் அரிசி அளவு வைத்தால் போதும். எம்எக்ஸ்-4-ல் மின்சாரம் பாயாது, அதனால் விளிம்பில் வழிந்தாலும் ஷார்ட் ஆகாது. பக்கத்துச் சிப்புகளில் மெத்தென்ற தெர்மல் பேட் இருந்தால் அதை எடுத்துவிட்டுப் பேஸ்ட் தடவாதீர்கள். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

குறையும் உண்டு. இந்தப் பேஸ்ட் இளக்கமானது. மூடியில்லாத லேப்டாப் சிப்பில் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நாள் முழுக்க வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும் ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட்தான் சரி. பில் போட, டைப் அடிக்க எம்எக்ஸ்-4 தாராளம்.

ப்ராசஸரின் வேலைப்பளுவை, அதாவது லோடை, பேஸ்ட் குறைக்காது. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 99 சதவீதம் ஆக்கினால், ப்ராசஸர் தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போ நின்று சூடு நன்றாகவே இறங்கும். டர்போ இல்லாத ப்ராசஸருக்கு 80 வைத்துப் பாருங்கள்.

சோதிப்பதை மத்தியானத்தில் செய்யுங்கள். அறைச் சூடு 8 டிகிரி ஏறினால் ப்ராசஸரும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். லோடு கொடுத்த சில நொடியிலேயே 95 டிகிரியைத் தொட்டால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை, திரும்பக் கழற்றி மாட்டுங்கள். மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டத்தில்தான் கோளாறு.