ஒரே மட்டிக் குலை, நான்கு சீப்பு: எது பழுத்தது, எது மூச்சுமுட்டியது?

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நின்ற மட்டி வாழையைப் போன மாதம் வெட்டினோம். காய் முற்றி, விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டது. இனியும் விட்டால் வௌவாலுக்குத்தான். பழுக்க வைப்பதில் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாலே போதும் என்றார் அம்மா. குழியில் புகை மூட்டம் போடாமல் பழுத்தால் அது பழமா என்று கேட்டார் மாமா. பாலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்சூட்டிலேயே பழுத்துவிடும் என்றான் தம்பி. வழக்கைத் தீர்க்க, ஒரே குலையிலிருந்து மூன்று சீப்புகளை மூன்று விதமாக வைத்தேன். நான்காவதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது என் சொந்த அதிகப்பிரசங்கித்தனம்.

முடிவைச் சொல்லுமுன் காய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். வெட்டிய பிறகும் காய் மூச்சு விடுகிறது. இலையிலிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை நின்றுபோயிற்று. இனிக் கையிருப்பில் உள்ள மாவுச்சத்துதான் அதற்குச் சோறு. பச்சைக் காயின் சதையில் ஏறக்குறைய 20 சதவீதம் மாவுச்சத்து. பழுத்து முடிக்கும்போது சதையில் 1, 2 சதவீதம்தான் மிஞ்சும், மற்றதெல்லாம் சர்க்கரையாகிவிடும். இந்த இனிப்பேறுதலையும் சுவாசத்தையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். மாவை உடைத்துச் சர்க்கரையாக்குவது நொதிகளின் வேலை. அப்படிக் கிடைத்த சர்க்கரையில் ஒரு சிறு பங்கை எரித்து ஆற்றல் எடுப்பதுதான் சுவாசம். அந்த ஆற்றல் இல்லாவிட்டால் நொதிகளை ஆக்கவும் முடியாது, மணத்தைக் கூட்டவும் முடியாது.

எரிப்பதற்கு இரண்டு வழிகள். தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றே: ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ், செல்லின் உட்கூழான சைட்டோபிளாசத்தில் மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டுகளாக உடைகிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. வரவு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் இரண்டு. அதன்பின் பாதை பிரிகிறது. ஆக்சிஜன் இருந்தால் பைருவேட் செல்லின் ஆற்றல் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் விளக்கிய சுழற்சியில் விழுந்து, கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் முடிகிறது. மொத்த வரவு 30 முதல் 32 ஏ.டி.பி. (பழைய பாடநூல்களில் 38 என்று படித்தவர்கள் கோபிக்க வேண்டாம், பின்னால் வந்த அளவீடுகள் அதைக் குறைத்துவிட்டன.) ஆக்சிஜன் இல்லாவிட்டால் பைருவேட் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறி நின்றுவிடும். முதலில் கிடைத்த இரண்டு ஏ.டி.பி.யோடு கணக்கு முடிந்தது.

எடைக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவு. 180 கிராம் குளுக்கோஸ் காற்றோடு முழுதாக எரிந்தால் 192 கிராம் ஆக்சிஜனைத் தின்று, 264 கிராம் கரியமில வாயுவும் 108 கிராம் நீரும் தரும். காற்றில்லாமல் அதே 180 கிராம் உடைந்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் வரும். அந்த ஆல்கஹாலுக்குள்தான் ஆற்றலில் பெரும்பகுதி எடுக்கப்படாமலே அடைபட்டுக் கிடக்கிறது. ஆகவே அதே அளவு வேலையைச் செய்ய, மூச்சுமுட்டிய காய் பதினைந்து மடங்கு சர்க்கரையைச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

இனிச் சீப்புகளுக்கு வருவோம்.

அம்மாவின் சீப்பு ஆறாம் நாள் பழுத்தது. காற்று தாராளம், எனவே முழு எரிப்பு. வாழை பழுக்கத் தொடங்கும்போது தானாகவே எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். அந்த வாயு பட்டதும் சுவாசம் பல மடங்கு எகிறி, உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்கும். ஒரு காய் தொடங்கினால் பக்கத்துக் காய்க்கும் சேதி போய்விடும். திறந்த வெளியில் தொங்கும்போது இந்த வாயு காற்றோடு கலைந்துவிடுவதால்தான் நாள் கூடுகிறது. மேல் வரிசை மஞ்சள், கீழ் வரிசை பச்சை என்று சீரில்லாமல் பழுத்தது ஒரு குறை. மணத்தில் மட்டும் இதை மற்ற எதுவும் மிஞ்சவில்லை.

மாமாவின் சீப்பு மூன்றாம் நாளே மஞ்சள். தரையில் சிறு குழி, வாழைச் சருகு விரிப்பு, ஓரத்தில் தேங்காய்ச் சிரட்டையும் தொண்டும் (மட்டை நார்) புகைய ஒரு சட்டி, மேலே மூடி மண் பூச்சு. புகையின் சூடுதான் பழுக்க வைக்கிறது என்பது மாமாவின் கட்சி. சூடு கொஞ்சம் உதவுகிறது என்பது உண்மை, பத்து டிகிரி கூடினால் சுவாச வேகம் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். ஆனால் முதல் சாவி புகையில் இருக்கும் எத்திலீன். இதில் எனக்குப் பிடித்த நுட்பம், மறுநாள் காலையிலேயே மூட்டத்தைப் பிரித்துவிட வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தது. ஏன் என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. அப்பா அப்படித்தான் செய்வார் என்பார். காரணம் இதுதான்: எத்திலீன் பட்டதும் காய் வேகமாக மூச்சு விடத் தொடங்கும், குழியிலோ ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு தேங்கும். திறந்துவிடாவிட்டால் தூண்டிவிட்ட வேலையே முடங்கிப்போகும்.

பெரிய வியாபாரிகளின் பழுக்க வைக்கும் அறையும் இதே யுக்திதான், அளந்து செய்கிறார்கள் என்பது மட்டும் வேறுபாடு. காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவில் எத்திலீன், 15 முதல் 20 டிகிரிக் குளிர், இடையிடையே கதவைத் திறந்து கரியமில வாயுவை வெளியேற்றுதல். நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டில் ஒரே நிறமாக அடுக்கியிருக்கும் பழங்களைக் கண்டு மயங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: அறையில் பழுத்ததில் தப்பில்லை. கால்சியம் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பதுதான் தப்பு. அதிலிருந்து வரும் அசெட்டிலீன், எத்திலீனைப் போல வேடம் போடும். கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதால் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் இதைத் தடை செய்திருக்கின்றன. தோல் மஞ்சளாகி உள்ளே மாவாகவே இருக்கும் பழம் வாய்த்தால் சந்தேகப்படலாம்.

தம்பியின் பையைப் பிரித்தது ஐந்தாம் நாள். உள்ளே வியர்வை கொட்டியிருந்தது. காய் பாதிப் பச்சை. புளித்த கள்ளின் வாடை. பதநீரைக் கள்ளாக்குவது ஈஸ்ட் என்பதால், இங்கேயும் ஏதோ கிருமி புகுந்துவிட்டது என்று அம்மா முடிவு கட்டினார். கிருமி வராமலும் இந்த வாடை வரும். ஆக்சிஜன் இரண்டு சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் வாழைச் செல்லே சாராயம் காய்ச்சத் தொடங்கிவிடும். இருந்தாலும் தம்பியின் வழியை முழுதாக ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆக்சிஜனை 2 முதல் 5 சதவீதத்தில் நிறுத்தி வைத்தால் காய் அரைமூச்சில் உறங்கும், பழுப்பது தள்ளிப்போகும். கப்பலில் வாழையைத் தொலைதூரம் அனுப்புகிறவர்கள் இதைச் செய்கிறார்கள். அவன் பழுக்க வைக்க விரும்பி, பழுக்காமல் இருக்கும் வழியைப் பிடித்துவிட்டான், அதுவும் அளவு தெரியாமல்.

என் சீப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்குக் குளிரால் காயம் ஏற்படும். தோல் கறுத்துக் கல்லாகக் கிடந்தது. வெளியே எடுத்து வைத்தும் பழுக்கவில்லை. பழுத்த பழத்தை வைத்திருந்தால் தோல் கறுத்தாலும் சதை நன்றாகவே இருந்திருக்கும்.

வீட்டுத் தேவைக்கு நான் அம்மா கட்சி. மூன்று நாளில் விருந்து என்றால் மாமா கட்சி. ஏத்தங்காயில் (நேந்திரங்காயில்) வற்றல், அதாவது சிப்ஸ், வறுக்கிறவர்களுக்கு இவை எதுவுமே ஆகாது. அவர்களுக்கு மாவு மாவாகவே இருக்க வேண்டும். பழுக்கத் தொடங்கிச் சர்க்கரை கொஞ்சம் ஏறினாலும் எண்ணெயில் போட்டவுடன் வற்றல் கருகிச் சிவந்துவிடும். அதனால்தான் ஓணம் நெருங்கும்போது மார்த்தாண்டம் பக்கம் ஏத்தங்குலையை வெட்டிய கையோடு தோலுரிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தம்பியின் சீப்பைப் பசு தின்றது. என் சீப்பை அது முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போய்விட்டது.