300 கிலோ தாங்கும் என்று விற்ற நாய்க் கயிறு, மூன்றே வாரத்தில் நடுரோட்டில் உடைந்தது

பெரிய நாய் வைத்திருக்கிறவர்கள், அதுவும் கேட்டைத் தாண்டியதும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிற நாய் வைத்திருக்கிறவர்கள், முதலில் எழுந்து போய் உங்கள் வீட்டுக் கயிற்றின் கொக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கயிறு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரி, கொக்கியைப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டது அதைத்தான், அதனால் அல்சூர் ஏரிக்கரை ரோட்டில் ஒரு காலை நேரம் முழுக்க அழுதுகொண்டே ஓடினேன்.

எங்கள் சங்கு ராஜபாளையம். இரண்டரை வயது, 32 கிலோ. என் மாமனார் ஊரிலிருந்து குட்டியாகக் கொண்டு வந்து விட்டார். பெங்களூரில் இதைக் கூட்டிக்கொண்டு வெளியே போனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் "இது முதோளா?" என்று கர்நாடக வேட்டை நாயின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், இல்லைங்க எங்க ஊர் நாய் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நல்ல பிள்ளைதான், ஆனால் வேட்டை நாய் இனம். பூனை, அணில், காற்றில் பறக்கிற பிளாஸ்டிக் கவர், எது அசைந்தாலும் காது நிமிரும், அடுத்த நொடி நாம் அதன் பின்னால் சறுக்கிக்கொண்டிருப்போம்.

பழைய சங்கிலி கையை அறுத்ததால் நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயர் எழுதப் போவதில்லை, அதே சரக்கு வேறு கடைகளிலும் தொங்குவதைப் பிறகு பார்த்தேன். முதலில் "மேடம், மேடம்" என்று இந்தியில் பேசியவர், நான் வீட்டுக்காரரிடம் தமிழில் பேசியதைக் கேட்டதும் "அட, நம்ம ஊரா? உக்காருங்கக்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அங்கேயே நான் பாதி கவிழ்ந்துவிட்டேன். மலையேறுகிறவர்கள் வைத்திருப்பது மாதிரி விரல் தடிமனில் கறுப்புக் கயிறு, பளபளவென்று பெரிய கொக்கி, அட்டையில் ஹெவி டியூட்டி, 300 கிலோ என்று கொட்டை எழுத்து. "இதுல காரையே கட்டி இழுக்கலாம்க்கா" என்றார். 1,450 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார், நானும் வாங்கி பர்ஸில் போட்டுக்கொண்டேன். அட்டையில் தயாரித்தவர் பெயரும் இல்லை, விலையும் இல்லை என்பதை எல்லாம் வீட்டுக்கு வந்து யார் பார்க்கிறார்கள்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நாலாவது வாரம் ஒரு நாள், காலை ஆறேகால் இருக்கும், குருத்வாரா தாண்டி நடந்துகொண்டிருந்தோம். எதிர்ப்பக்கச் சுவரிலிருந்து ஒரு பூனை குதித்தது. சங்கு பாய்ந்தான், கயிறு விறைத்தது, டக் என்று ஒரு சத்தம், நான் மல்லாக்க விழுந்தேன். கயிறு என் கையில் முழுசாக இருக்கிறது, நாய் இல்லை. ரோட்டின் நடுவில் ஒரு ஆட்டோ கிறீச்சிட்டு வளைந்து நடைபாதையில் இடித்து நின்றது. டிரைவர் கன்னடத்தில் பாதி தமிழில் பாதி திட்டினார், திட்டிவிட்டு அவரே "ஏறும்மா, எந்தப் பக்கம் போச்சு?" என்று என்னை ஏற்றிக்கொண்டு தேடவும் வந்தார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மர்ஃபி டவுன் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் பன் கொடுத்துப் பிடித்து வைத்திருந்தார். நாலு பாதத்திலும் தோல் உரிந்து ரத்தம். மருத்துவச் செலவு 2,800, பத்து நாள் கட்டு.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இதில் என் தப்பும் இருக்கிறது. இழுவைக்கு ஈடுகொடுக்கிறேன் என்று கயிற்றை உள்ளங்கையைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருந்தேன். மோதிர விரல் வீங்கி, எக்ஸ்ரேயில் மெல்லிய விரிசல் தெரிந்தது. எலும்பு டாக்டர் சிரித்துக்கொண்டே, "கொக்கி உடைஞ்சதால விரல் தப்பிச்சுது, இல்லன்னா இதைவிட மோசமாப் போயிருக்கும்" என்றார். அந்தக் கொக்கியைத் திட்டுவதா கும்பிடுவதா என்று ஒரு நிமிஷம் குழப்பமாகிவிட்டது.

உடைந்த கொக்கியோடு கடைக்குப் போனால் அதே அண்ணன், ஸ்டூல் வரவில்லை. "நாய் கடிச்சிருக்கும் மேடம்." அக்கா மறுபடியும் மேடம் ஆகிவிட்டாள். உலோகத்தை நாய் எப்படிங்க கடித்து உடைக்கும் என்றால், "பில் இருக்கா?" துண்டுச் சீட்டை நீட்டினால் "இதுல எங்க கடைப் பேரே இல்லியே". என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தினதும் கடைசியில் இறங்கி வந்து, பணம் தரமாட்டேன், வேண்டுமானால் வேறு சரக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு ரிட்ராக்டபிள் லீஷைத் திணித்தார். கைப்பிடி டப்பாவுக்குள் கயிறு சுருண்டிருக்கும், நாய் போகப் போக ஐந்து மீட்டர் வரை நீளும், பட்டனை அமுக்கினால் நிற்கும், அதுதான். இழுக்கிற நாய்க்கு அதைவிடப் பொருத்தமில்லாத சாமான் கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது நாளே என் வீட்டுக்காரர் கெண்டைக்காலைச் சுற்றி அந்த மெல்லிய கயிறு ஓடியது. அரைக்கால் டவுசர் வேறு. சூடு போட்ட மாதிரி ஒரு கோடு, இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. கைப்பிடி நழுவிக் கீழே விழுந்தால் இன்னொரு கூத்து: டப்பா கடகடவென்று நாயின் பின்னாலேயே உருண்டு வரும், ஏதோ துரத்துகிறது என்று நாய் மிரண்டு இன்னும் வேகமாக ஓடும். இதையெல்லாம்விட, கயிறு எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருப்பதால், இழுத்தால்தான் முன்னால் போக முடியும் என்று நாய் பாடம் படித்துக்கொள்கிறது. அதைத் தூக்கி லாஃப்டில் போட்டோம்.

பீன்யாவில் எங்கள் மாமா ஒருவர் இருபது வருஷமாக டை காஸ்டிங் பட்டறையில், அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கிற இடத்தில், வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவரிடம் கொக்கியைக் காட்டினேன். சோற்றுக் கையோடு திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது கதவுக் கைப்பிடிக்கு ஊத்துற சரக்கு" என்றார். துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி, மேலே முலாம் பூசியது. உடைந்த இடத்தைக் காட்டினார்: சாம்பல் நிறத்தில் மணல் மணலாக, நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு காற்றுப் பொத்தல்கள். ஊற்றும்போது காற்று மாட்டிக்கொண்டால் அப்படி வருமாம். நல்ல இரும்பு என்றால் முதலில் வளைந்து எச்சரிக்கை கொடுக்கும், இந்த மாதிரி வார்ப்பு சொல்லாமல் கொள்ளாமல் படக்கென்று போகும். உடைந்தது கொக்கியின் வாய்ப் பகுதிகூட இல்லை, கொக்கி சுழல்வதற்காக அடியில் ஒரு கழுத்து இருக்கும் பாருங்கள், அங்கே. இருப்பதிலேயே ஒல்லியான இடம் அதுதான்.

காந்தம் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒட்டினால் இரும்பு, சரி. ஒட்டவில்லை என்றால் துத்தநாகமாகவும் இருக்கலாம், பித்தளையாகவும் இருக்கலாம், நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கலாம், அதனால் காந்தம் மட்டும் போதாது என்றார். அவர் சொன்ன வழி: முலாம் பூசாத பித்தளையாகக் கேட்டு வாங்கு, மஞ்சளாகத் தெரியும், அதே அளவு துத்தநாகக் கொக்கியைவிடக் கையில் கனமாகவும் இருக்கும். பளபள சாமானைத்தான் வாங்கியாக வேண்டும் என்றால் வீட்டுக்கு வந்ததும் ஓர் ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்துப் பார். உள்ளே மஞ்சள் வந்தால் பித்தளை. அப்புறம் நாயின் கழுத்து பெல்ட்டில் இருக்கிற வளையத்தையும் பார்க்கச் சொன்னார். கம்பியை வளைத்து முனையைப் பற்றவைக்காமல் விட்ட வளையம் இழுக்க இழுக்க வாயைப் பிளக்கும், கொக்கி எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. எங்கள் வீட்டில் இருந்த மூன்று பெல்ட்டில் இரண்டு அப்படித்தான் இருந்தன!

அந்த 300 கிலோ எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. கயிறு ஒருவேளை தாங்கும், உண்மையில் அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் எண்ணை அட்டையில் போடுகிறவன் எதற்கு அந்த எண் என்று போடுவதில்லை, நாமும் கேட்பதில்லை. மாமா சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு கணக்குப் போட்டார். 32 கிலோ நாய், நொடிக்கு 5 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர், சங்குவுக்கு அது சும்மா ஒரு ஓட்டம். அந்த வேகத்தில் வருகிறவனை 20 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் கயிற்றில் சராசரியாகவே 200 கிலோ எடைக்குச் சமமான இழுவை விழும். அதே ஆளை நம் கை விட்டுக்கொடுத்து, இரண்டு எட்டு கூடப் போய், ஒரு மீட்டரில் நிறுத்தினால் 40 கிலோதான். ஆக நாயின் எடையைவிட அது எவ்வளவு வேகம் பிடிக்கிறது, எவ்வளவு திடீரென்று நிற்கிறது என்பதில்தான் விஷயம். நீளக் கயிறு கொடுத்தால் ஓடி வேகம் பிடிக்க இடம் கொடுக்கிறோம். நாங்கள் இப்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. கப்பன் பார்க்கில் சிலர் பத்து மீட்டர் கயிற்றைக் கழுத்து பெல்ட்டில் மாட்டி ஓடவிடுகிறார்கள், கடைசி நொடியில் அந்த அடி முழுக்கக் கழுத்தில் விழும். நீளக் கயிறு வேண்டுமென்றால் ஹார்னஸில், அதாவது நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டுகிற பட்டையில், மாட்டுங்கள், தயவுசெய்து.

இப்போது என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்பீர்கள். 25 மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையான நைலான் பட்டை, தைத்த இடத்தில் பெட்டி போட்டு நடுவில் குறுக்குத் தையல், இரண்டு முனையிலும் பித்தளைக் கொக்கி. ஒரு கொக்கி ஹார்னஸின் நெஞ்சு வளையத்தில், இன்னொன்று கழுத்து பெல்ட்டில். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். முதுகில் மட்டும் வளையம் இருக்கிற ஹார்னஸை இழுக்கிற நாய்க்கு வாங்காதீர்கள், பனிச்சறுக்கு வண்டி இழுக்கிற நாய்களுக்கு மாட்டுவதே அந்த மாதிரிதான், உடம்பு முழு பலத்தையும் போட்டு இழுக்கும். நெஞ்சில் மாட்டினால் இழுக்கும்போது உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும். இழுக்கும் பழக்கம் அதனால் மட்டும் போகாது, அவன் இழுத்தால் நான் நின்றுவிடுவேன், தளர்ந்தால்தான் நடப்பேன். முதல் வாரம் தெருமுனை வரை போக இருபத்தைந்து நிமிஷம் ஆனது, எதிர்வீட்டுப் பாட்டி பால்கனியிலிருந்து வேடிக்கை பார்த்தார்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, முதோள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இவற்றுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து தடிமன். சாதா பெல்ட் என்றால் பின்னால் ஒரு உதறு உதறினால் தலை வெளியே வந்துவிடும். மார்ட்டிங்கேல் என்று ஒரு பெல்ட் வருகிறது, இழுத்தால் ஓரளவுக்கு இறுகி அதோடு நின்றுவிடும். முழுசாக இறுகினாலும் கழுத்தை நெரிக்காமல், அதே சமயம் காதைத் தாண்டி வராமல் இருக்கிற அளவுக்குச் சரி செய்துகொள்ளுங்கள், வீட்டில் இருக்கும்போது கழற்றிவிடுங்கள், எதிலாவது மாட்டிக்கொண்டால் ஆபத்து. கைப்பிடி வளையத்தில் கட்டைவிரலை நுழைத்து, பட்டையை உள்ளங்கைக்குக் குறுக்கே வைத்து மூடிப் பிடியுங்கள், விட வேண்டும் என்றால் விரலைத் திறந்தால் போதும். விரலிலோ மணிக்கட்டிலோ சுற்ற வேண்டாம். ஸ்கூட்டியில் உட்கார்ந்துகொண்டு நாயைக் கயிற்றில் பிடித்து ஓடவைக்கிற மகராசர்களிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கடைசியாகப் பணம். 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் பதிவு செய்தேன். உடைந்த கொக்கியின் படம், பணம் அனுப்பிய யூபிஐ பதிவு (துண்டுச் சீட்டைவிட இதுதான் உதவியது), அட்டையின் இரண்டு பக்கப் படம். அட்டையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருடம், புகார் எண் எல்லாம் இருந்தாக வேண்டும் என்பது 2011 பொட்டலப் பொருள் விதி. எதுவுமே இல்லாத அட்டையைப் படம் பிடித்து அனுப்பியதும்தான் கடையிலிருந்து போன் வந்தது. மருத்துவச் செலவு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, 1,450 மட்டும் திரும்பி வந்தது. விரல் சரியானதும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை என்று மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை அந்தக் கடை வழியாகத்தான் போனேன். அதே கறுப்புக் கயிறு, அதே பளபளக் கொக்கி, வாசலிலேயே மூன்று தொங்குகிறது. அட்டை மட்டும் புதுசு. 400 கிலோ என்று போட்டிருக்கிறார்கள்.